வாரக்கணக்கில் முற்றும் மறதி: சி.ஜே.டி. சந்தேகம் வந்தால் வீட்டார் செய்ய வேண்டியவை

சம்பா நடவின்போது வரப்பில் தடுமாறாமல் நடந்தவர், அறுவடைக்குள் படுத்த படுக்கையாகிவிட்டால் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள். அல்சைமர் என்னும் மறதி நோய் முற்றப் பல ஆண்டுகள் ஆகும். தப்பாக மடிந்த புரதத்தால் மூளை சிதையும் பிரியான் நோய்களில் அதிகம் காணப்படும் சி.ஜே.டி. (க்ரூட்ஸ்ஃபெல்ட்-ஜேக்கப் நோய்) சில வாரங்களிலேயே ஆளை மாற்றிவிடும். பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஓரிருவருக்கே வருகிறது.

நரம்பணுக்களின் மேற்பரப்பில் இயல்பாக இருக்கும் ஒரு புரதம் தப்பாக மடிகிறது. இப்படி மடிந்ததே பிரியான்; அது பக்கத்துப் புரதத்தையும் அப்படியே மடிக்கிறது. நரம்பணுக்கள் சாக, மூளைத் திசுவில் நுண்ணிய பொத்தல்கள் விழுகின்றன. சொந்தப் புரதம் என்பதால் உடல் அதை எதிர்ப்பதில்லை. அதனால் காய்ச்சல் வருவதில்லை.

முதலில் தேதிகளைக் குறியுங்கள்: நடை எப்போது தள்ளாடியது, பேச்சு எப்போது குழறியது என்று. கை கால் வெடுக்கென்று தூக்கிப்போடுவதை செல்போனில் பிடித்து வையுங்கள். மருத்துவர் எதிரில் அது வராமலே போகலாம்.

தஞ்சாவூரிலோ திருச்சியிலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். சி.டி. ஸ்கேனோடு நிறுத்தாதீர்கள், அதில் இது பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ.யில் டிஃப்யூஷன் படமும் எடுக்கச் சொல்லுங்கள். சி.ஜே.டி. என்றால் அதில் மூளையின் வெளிமடிப்பு ஓரங்கள் வெளுத்துத் தெரியும். முதுகுத்தண்டு நீரில் தப்பாக மடிந்த புரதத்தைத் தேடும் ஆர்.டி.-குயிக் (RT-QuIC) சோதனை இன்னும் உறுதியானது.

சி.ஜே.டி.யைக் குணமாக்க மருந்தில்லை. ஆனால் அதேபோலத் தோன்றும் சில நோய்களுக்கு உண்டு, அவசரமே அதற்காகத்தான். சோடியம், பி12, தைராய்டு, மண்டைக்குள் தேங்கிய ரத்தக்கட்டு, தன்னெதிர்ப்பு மூளை அழற்சி (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குவது) ஆகிய ஐந்தையும் பார்த்தாயிற்றா என்று கேட்காமல் வீடு திரும்பாதீர்கள்.

வீட்டில், பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே தொடுங்கள். திடீர்த் தொடுகையும் வெடிச் சத்தமும் உதறலைக் கிளப்பும். உதறல் தணிய மருத்துவர் குளோனசெபம் தரலாம். ரசமும் நீர்மோரும் எளிதில் புரையேறி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகும். நிமிர்த்தி உட்காரவைத்து, கெட்டிக் கஞ்சியைச் சிறு கரண்டியால் கொடுங்கள். அதன்பின் அரைமணி நேரம் படுக்கவைக்காதீர்கள். 2 மணிக்கொருமுறை புரட்டிவிடுங்கள்.

தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ ஒட்டாது. ஆனால் எந்த அறுவை சிகிச்சைக்கு முன்பும் நோயைச் சொல்லிவிடுங்கள்: கருவிகளில் ஒட்டிய பிரியான் கொதிநீருக்கும் ஃபார்மலினுக்கும் அழியாது. ரத்த தானமும் கண் தானமும் கூடாது.

இறந்தபின் குளிப்பாட்டலாம், வாய்க்கரிசி போடலாம், எரிக்கலாம், புதைக்கலாம். வெளிநாட்டுப் பிள்ளைக்காகக் காத்திருக்க ஐஸ் பெட்டி போதும். ரசாயனம் ஏற்றிப் பதப்படுத்த வேண்டாம்.