கடுங்குளிரில் பிளக்-இன் ஹைபிரிட்: வெப்பத்தை எங்கிருந்து எடுப்பது?

பெட்ரோல் எஞ்சினும், சுவர் பிளக்கில் சார்ஜ் செய்யும் பேட்டரியும் சேர்ந்த கார்தான் பிளக்-இன் ஹைபிரிட். வெளியே மைனஸ் 20 டிகிரி. பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கிறது. ஆனாலும் காரைக் கிளப்பியதும் பெட்ரோல் எஞ்சின் ஓடத் தொடங்குகிறது. பழுது என்று பதற வேண்டாம். பெரும்பாலும் வெப்பத்துக்காகக் காரே எஞ்சினை எழுப்புகிறது. இந்த வெப்பம் மூன்று இடங்களிலிருந்து வரலாம்: சுவர் பிளக், எஞ்சின், பேட்டரி. முதல் இரண்டில் எது வாய்த்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரியைக் கடைசிக்கு வையுங்கள்.

காரணம் எளிய கணக்கு. கேபினைச் சூடாக்கும் மின் ஹீட்டர் தொடக்கத்தில் 5 கிலோவாட் வரை இழுக்கும். அரை மணி நேரம் அப்படியே ஓடினால் 2.5 யூனிட். பெரிய மின்சாரக் காரின் 75 யூனிட் பேட்டரிக்கு அது பொருட்டே இல்லை. பிளக்-இன் ஹைபிரிடில் பயன்படுத்தக் கிடைப்பதே 10 யூனிட் அளவில் என்றால், கால்வாசி போய்விடும். குளிரில் பேட்டரியின் உள்மின்தடை கூடுவது, அடர்ந்த காற்று, குளிர்ந்த டயர் எல்லாம் சேர, மின்சாரத்தில் மட்டும் ஓடும் தூரம் பாதியாகக் குறைவது சாதாரணம்.

சில மாடல்களில் மின் ஹீட்டரே கிடையாது. சூடு கேட்டால் எஞ்சின் ஓடியே தீரும். வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை எடுத்து உள்ளே தரும் ஹீட் பம்ப் உள்ள கார்களுக்கும் எல்லை உண்டு. டொயோட்டா ரேவ்4 பிரைமில் ஹீட்டர் போட்டிருந்தால், சுமார் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே எஞ்சின் ஓடத் தொடங்கலாம். ஹீட் பம்ப் இல்லாமல் மின் ஹீட்டர் மட்டும் உள்ள முதல் தலைமுறை ஷெவர்லே வோல்ட்டின் தொடக்க மாடல்களில் இது சுமார் மைனஸ் 4 டிகிரியிலேயே நடக்கும். உங்கள் காரின் எல்லை எது என்று கையேட்டில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: முன் கண்ணாடியின் பனியை நீக்கும் டிஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்தினாலே பல கார்களில் எஞ்சின் கிளம்பிவிடும். லேசான மூட்டம்தான் என்றால் வெளிக்காற்றை உள்ளே விட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் போதும்.

கிளம்பும் முன்

வீடு திரும்பியதும், பேட்டரியின் சூடு ஆறுவதற்குள் பிளக்கைச் செருகிவிடுங்கள். சார்ஜ் முடியும் நேரத்தைக் கிளம்பும் நேரத்தை ஒட்டி வையுங்கள். சார்ஜ் ஏறும்போது உண்டாகும் சூடு பேட்டரியிலேயே இருக்கும். உறைநிலைக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் செய்தால் லித்தியம் அயனிகள் பேட்டரியின் எதிர்முனையான கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படியும். அது நிரந்தரச் சேதம். அதைத் தவிர்க்கத்தான் கார் சார்ஜ் வேகத்தைத் தானே குறைக்கிறது. ஆகவே வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள்.

கேபினைப் பிளக்கில் இருக்கும்போதே சூடாக்குங்கள். இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 230 வோல்ட், 10 ஆம்பியர் பிளக் தருவது 2.3 கிலோவாட். ஹீட்டர் கேட்பது 5. மிச்சம் 2.7 பேட்டரியிலிருந்துதான் போகிறது. "பிளக்கில்தானே இருந்தது, ஏன் 92 சதவீதம் காட்டுகிறது?" என்ற கேள்விக்கு விடை இதுதான். கிளம்புவதற்கு 40, 45 நிமிடம் முன்பே சூடாக்கி முடித்தால் போன சார்ஜ் மீண்டும் ஏற நேரம் கிடைக்கும். கிளம்புவதற்கு 10 நிமிடம் முன் இன்னொரு முறை போட்டால் குறைந்த மின்சாரமே செலவாகும். பிறகு ஓடும்போது இருக்கை ஹீட்டரையும் ஸ்டீயரிங் ஹீட்டரையும் நம்புங்கள். ஓர் இருக்கைக்கு 100 வாட்டுக்குள்தான் ஆகும்.

மூடிய கேரேஜில் ரிமோட் மூலம் சூடாக்கும் முன், அது எஞ்சினைக் கிளப்புமா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ளுங்கள். கிளப்பும் என்றால் உள்ளே வைத்துப் போடவே கூடாது. கார்பன் மோனாக்சைடு வாசனையின்றி ஆளைக் கொல்லும்.

எஞ்சினை அரைகுறையாக ஓட விடாதீர்கள்

குளிர்காலத்தில் இந்தக் கார்களுக்கு உண்மையான கேடு இங்கேதான். எஞ்சின் நாலைந்து நிமிடம் ஓடி நின்றுவிட்டால் ஆயில் சூடேறாது. குளிர்ந்த எஞ்சினுக்குள் கூடுதலாகப் பீய்ச்சப்படும் பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். எரிதலில் உண்டாகும் நீராவியும் உள்ளே படியும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் நிறத்தில் பிசுபிசுப்பு தெரியும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும், முகர்ந்தால் பெட்ரோல் அடிக்கும். அளவு மேல்கோட்டைத் தாண்டினால் கெடு வரும்வரை காத்திருக்காமல் ஆயிலை மாற்றுங்கள்.

தவிர்க்கும் வழி: சூடாக்கி வைத்த காரில் குறுகிய பயணமா, முழுக்க மின்சாரத்திலேயே போங்கள். நீண்ட பயணமா, சார்ஜைச் சேமிக்கும் முறையில் போட்டு எஞ்சினிலேயே தொடங்குங்கள். பெட்ரோலின் ஆற்றலில் பெரும்பங்கு எப்படியும் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. கேபின் சூடு அதிலேயே கிடைத்துவிடும். எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் திரவம் நன்றாகச் சூடான பிறகு, ஊருக்குள் மெதுவாகப் போகும் பகுதியில் மின்சாரத்துக்கு மாறுங்கள். வாரம் ஒரு முறையாவது 30, 40 நிமிடம் எஞ்சின் நிற்காமல் ஓடட்டும்.

நெடுஞ்சாலையில் ஏறும்போது பவர் போதாமல் எஞ்சின் திடீரெனக் கிளம்பி, குளிர்ந்த ஆயிலுடன் உச்ச சுழற்சிக்குப் போவது மோசம். சில கிலோமீட்டர் முன்பே ஹைபிரிட் முறைக்கு மாற்றி, மெல்லச் சூடேற விடுங்கள். ஆயில் தரத்தில் சமரசம் வேண்டாம்: டபிள்யூ (W) எழுத்துக்கு முன் உள்ள எண் குறையக் குறைய ஆயில் குளிரில் இளகி ஓடும். 0டபிள்யூ ஆயில் மைனஸ் 40 டிகிரியிலும் பம்ப் ஆகும்படி சோதிக்கப்படுகிறது, 5டபிள்யூ மைனஸ் 35 வரைதான்.

பிரேக், சார்ஜிங் துளை, டயர்

வேகம் குறையும்போது கிடைக்கும் ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பும் மீள்சக்தி பிரேக், பேட்டரி குளிர்ந்திருக்கும்போது பெருமளவு குறைந்துவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வழக்கம்போல வேகம் குறையாது. பனிச் சரிவில் இறங்கும் முன் இதை மனதில் வையுங்கள். சரிவிலேயே வீடு இருந்தால் 90 சதவீதத்தில் சார்ஜை நிறுத்துவது நல்லது. நிறைந்த பேட்டரியும் மீள்சக்தியை ஏற்காது.

சார்ஜிங் துளையில் பனி உறைந்து பிளக் சிக்கிக்கொண்டால் வெந்நீர் ஊற்றாதீர்கள், கம்பியால் நெம்பாதீர்கள். காரைப் பூட்டித் திறந்து சில முறை முயலுங்கள், கைப்பிடியை உள்ளங்கையால் லேசாகத் தட்டுங்கள். மூடியின் ரப்பரில் சிலிக்கோன் தடவி வைத்தால் ஒட்டாது.

டயர் அழுத்தம் ஒவ்வொரு 5, 6 டிகிரி சரிவுக்கும் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும். காலையில், வண்டி ஓடும் முன் பாருங்கள்.

12 வோல்ட் பேட்டரி

பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் அதைக் காருடன் இணைக்கும் மின் சுவிட்சுகளான ரிலேக்களை இயக்குவது இந்தச் சிறிய பேட்டரிதான். அது செத்தால் கார் அசையாது. இரவு முழுக்க நின்ற பிறகு மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டினால் நல்லது, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. நிறைந்த லெட் ஆசிட் பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. காலியானது மைனஸ் 10 அருகிலேயே உறையத் தொடங்கும். பக்கங்கள் உப்பியிருந்தால் சார்ஜரையோ ஜம்பர் கேபிளையோ மாட்டாதீர்கள், வெடிக்கலாம். கழற்றிச் சூடான இடத்தில் உருகவிட்டு, விரிசலோ கசிவோ இருந்தால் மாற்றிவிடுங்கள்.