பறக்கும் நாரையைப் படம் பிடிக்கும் முறை: வேடந்தாங்கலில் எடுத்த மூன்று படங்களின் வழியே

இந்தப் பருவத்தில் வேடந்தாங்கலில் நான் எடுத்த படங்களில் மூன்று எனக்கு மிகவும் பிடித்தவை. கூட்டுக்குக் குச்சி கொண்டுவரும் மஞ்சள்மூக்கு நாரை ஒன்று சிறகை விரித்து இறங்குவது முதற்படம். பச்சை இலைகளின் முன்னால் நிற்கும் வெண்கொக்கின் இறகு ஒவ்வொன்றும் தெரிவது இரண்டாவது. பட்ட கிளையில் பாம்புத்தாரா சிறகை உலர்த்திக்கொண்டிருக்கும் மாலை நேர நிழலுருவம் மூன்றாவது. மூன்றும் கேமராவோடு சேர்த்து விற்கப்படும் சாதாரண தொலைநோக்கு லென்ஸால் எடுக்கப்பட்டவை. விலையுயர்ந்த லென்ஸ் இல்லாததால் பறவைப் படம் நமக்கு வராது என்று ஒதுங்கி நிற்பவர்களுக்காகவே இந்தச் செய்முறையை எழுதுகிறேன். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, பறவை அடுத்து என்ன செய்யப்போகிறது என்ற இரண்டையும் முதலில் பார்த்துவிட்டால், கேமராவில் வைக்க வேண்டிய அளவுகள் பெரும்பாலும் தாமாகவே முடிவாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்

செங்கல்பட்டு மாவட்டத்தில், சென்னையிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் வேடந்தாங்கல் ஏரி தொடக்கநிலையாளருக்கு மிகவும் ஏற்ற இடம். நவம்பர் முதல் மார்ச் வரை நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், கூழைக்கடா, நீர்க்காகம், வக்கா எனப் பெரிய பறவைகள் ஏரிக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டுகின்றன. பறவை பெரியதாகவும் மெதுவாகச் சிறகடிப்பதாகவும் இருந்தால், புதிதாகக் கற்பவருக்குத் தப்பிய வாய்ப்பு மறுபடி மறுபடி கிடைக்கும். சிட்டையும் மீன்கொத்தியையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இங்கே பறவைகள் மனிதருக்கு அஞ்சாமல் கூடு கட்டுவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து ஊர்மக்கள் முறையிட்டதன் பேரில், 1798ஆம் ஆண்டு அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்தார். 1936இல் இது சரணாலயமாயிற்று. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரமாவதை அந்த ஊர் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருக்கிறார்கள்.

காலையில் வாயில் திறந்ததும் உள்ளே சென்றுவிடுங்கள். சூரியன் ஏறிய பிறகு, பத்து மணி வாக்கில், தண்ணீருக்கு மேலே காற்று கொதித்து அலையத் தொடங்கும். அந்த அலைவின் ஊடாகத் தொலைநோக்கு லென்ஸால் எடுக்கும் படம் எந்த லென்ஸிலும் கூர்மையாக வராது. நுழைவுச்சீட்டுடன் கேமராவுக்கான சீட்டையும் வாங்கிக்கொள்ள மறக்க வேண்டாம். கரைக்குப் போனதும் உங்கள் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். நிழல் பறவைகளை நோக்கி விழுந்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அந்த இடத்தில் நின்றால் பறவையின் முகத்திலும் கண்ணிலும் வெளிச்சம் நேராக விழும். நிழல் பக்கவாட்டில் விழும் இடங்களைக் கடந்து இன்னும் சற்று நடப்பது நல்லது.

கேமராவைத் தயார் செய்தல்

லென்ஸ் 250 அல்லது 300 மி.மீ. வரை நீண்டால் போதும். இதைக் கணக்குப் போட்டே காட்டலாம். ஏபிஎஸ்-சி உணரி (தொடக்கநிலை கேமராக்களில் பரவலாக இருக்கும், ஏறத்தாழ 24 மி.மீ. அகலமுள்ள ஒளியுணரி) உள்ள கேமராவில் 300 மி.மீ. லென்ஸை மாட்டி 50 மீட்டர் தொலைவில் இருக்கும் பறவையைப் பார்த்தால், படச் சட்டத்தின் அகலத்தில் ஏறத்தாழ 4 மீட்டர் அடங்கும். மஞ்சள்மூக்கு நாரையின் விரித்த சிறகு ஒன்றரை மீட்டர் இருக்கும் என்பதால், சட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது நிறைந்துவிடும். 24 மெகாபிக்சல் கேமராவாக இருந்தால், சுற்றியுள்ளதை வெட்டிய பிறகும் சுவரில் மாட்டும் அளவுக்கு விவரம் மிஞ்சும்.

இனி ஒவ்வொன்றாக அமைத்துக்கொள்ளுங்கள். கோப்பு வகையை ரா (RAW, உணரி பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் வகை) என்று வையுங்கள். ஃபோகஸ் முறையை, நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். நிக்கான், சோனி கேமராக்களில் இது ஏஎஃப்-சி என்றும், கேனானில் ஏஐ சர்வோ அல்லது சர்வோ என்றும் இருக்கும். பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தால் அடுத்தடுத்துப் படமெடுக்கும் தொடர் படப்பிடிப்பையும் இயக்கிவிடுங்கள். கண்ணைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி உள்ள புதிய கேமராவாக இருந்தால் அதைப் பறவைக்கு மாற்றுங்கள். பழைய கேமராவாக இருந்தால் நடுப் புள்ளியையும் அதைச் சுற்றியுள்ள சில புள்ளிகளையும் மட்டும் பயன்படுத்துங்கள், ஏனென்றால் எல்லாப் புள்ளிகளையும் திறந்துவிட்டால் கேமரா பறவையை விட்டுவிட்டுப் பின்னாலுள்ள கிளையைப் பிடித்துக்கொள்ளும்.

லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையின் அளவை லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்குத் திறந்துவிடுங்கள். இது எஃப் எண்ணால் குறிக்கப்படும்; எண் சிறியதானால் துளை பெரியது. பெரும்பாலும் அது எஃப்/5.6 அல்லது எஃப்/6.3 ஆக இருக்கும். துளையை அகலத் திறந்தால் சிறகின் ஒரு பகுதி மங்கிவிடுமோ என்ற ஐயம் வரலாம். 300 மி.மீ., எஃப்/5.6, 50 மீட்டர் தொலைவு என்ற அளவில் தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ 6 மீட்டர். ஒரு நாரை முழுதாக அதற்குள் அடங்கும்.

முதற்படம்: இறங்கும் நாரை

பறவைப் படத்தில் ஷட்டர் வேகமே, அதாவது உணரியில் ஒளி விழும் நேரமே, முதலில் முடிவு செய்ய வேண்டியது. வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் பறவை, 1/500 வினாடிக்குள் 2 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/2000 வினாடியில் அரை சென்டிமீட்டர் மட்டுமே நகரும். லென்ஸைப் பறவையோடு சேர்த்து நகர்த்தும்போது இந்த நகர்வு பெருமளவு ஈடாகிவிடும், ஆனால் சிறகு நுனி உடலைவிட வேகமாக அசைவதால் 1/1600 முதல் 1/2000 வரை வைப்பது பாதுகாப்பானது. இந்தப் படம் 1/2000, எஃப்/5.6, ஐஎஸ்ஓ 640 என்ற அளவுகளில் எடுக்கப்பட்டது. ஐஎஸ்ஓ என்பது படம் எவ்வளவு வெளிச்சமாகப் பதிய வேண்டும் என்பதைக் கூட்டிக் குறைக்கும் எண்.

அடுத்து, காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறது என்று பாருங்கள். பெரிய பறவைகள் காற்றுக்கு எதிராகவே எழும்பும், காற்றுக்கு எதிராகவே இறங்கும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து ஏரியை நோக்கி வீசினால், இறங்கும் நாரைகள் உங்களைப் பார்த்தபடி வரும். எதிர்ப்புறமிருந்து வீசினால் நாள் முழுவதும் வால்களை மட்டுமே படம்பிடிப்பீர்கள். சூரியனும் காற்றும் ஒரே நேரத்தில் உங்கள் முதுகுக்குப் பின்னால் அமையும் காலை வாய்த்தால், அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

பிறகு ஒரே ஒரு கூட்டைத் தேர்ந்துகொள்ளுங்கள். கூடு கட்டும் காலத்தில் நாரை ஒரே வழியில் பலமுறை போய்வரும். அது எந்தப் பக்கமிருந்து வருகிறது, எந்தக் கிளைக்கு மேலே வந்ததும் கால்களைத் தொங்கவிடுகிறது, எங்கே சிறகை நிமிர்த்தி வேகத்தைத் தணிக்கிறது என்பதைக் கேமராவை எடுக்காமல் இரண்டு மூன்று முறை பாருங்கள். சிறகை முழுதாக விரித்து அது வேகம் தணிக்கும் அந்தக் கணத்தில்தான் கருப்பு வெள்ளைச் சிறகுகளும் முதுகுப்புறத்து இளஞ்சிவப்பு இறகுகளும் ஒருசேரத் தெரியும். நான் காத்திருந்ததும் அந்தக் கணத்துக்காகத்தான். எழும்பும் பறவையை எடுக்க விரும்புபவர்களுக்கும் அடையாளங்கள் உண்டு: கழுத்தை நீட்டும், உடலை முன்னால் சாய்க்கும், பல நேரங்களில் எச்சமிடும். அப்போது பொத்தானில் விரல் தயாராக இருக்க வேண்டும்.

பறவை தொலைவில் சிறியதாக வரும்போதே ஃபோகஸைப் பிடித்துவிட்டு, அதனோடு சேர்ந்து இடுப்பிலிருந்து மெதுவாகத் திரும்புங்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்து, இடது கையால் லென்ஸை அடியிலிருந்து தாங்கினால் அசைவு குறையும். அது கூட்டை நெருங்கும்போது மட்டும் பொத்தானை அழுத்தினால் போதும், ஏனென்றால் வழி நெடுக அழுத்திக்கொண்டே வந்தால் முக்கியமான கணத்தில் கேமராவின் தற்காலிக நினைவகம் நிறைந்து, படப்பிடிப்பு மெதுவாகிவிடும். பறவை போகும் திசையில் சட்டத்துக்குள் சற்று இடம் விடுங்கள். சிறகு நுனி வெட்டுப்படாமல் இருக்க, நீங்கள் விரும்புவதைவிடக் கொஞ்சம் அகலமாகவே எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

இரண்டாவது படம்: வெண்கொக்கின் இறகுகள்

தொடக்கநிலையாளரின் கொக்குப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தாளை வெட்டி ஒட்டியது போல் இருப்பதற்குக் காரணம் கேமராவின் ஒளி அளக்கும் முறை. எதிரிலுள்ள காட்சி முழுவதும் சராசரியாக நடுத்தரச் சாம்பல் நிறத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டே அது கணக்கிடுகிறது. இருண்ட பச்சை இலைகளுக்கு நடுவே சிறிய வெள்ளைக் கொக்கு நின்றால், இலைகளுக்காகப் படத்தை வெளிச்சமாக்கிவிடும். கொக்கின் இறகுகள் வெளுத்துப்போய் விவரமே இல்லாமல் ஆகிவிடும். ஒருமுறை அப்படி வெளுத்த பகுதியை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது.

அதே கொக்கு வானத்துக்கு முன்னால் பறந்தால் நேர்மாறாக நடக்கும்: வானத்தின் வெளிச்சத்தைக் கண்டு கேமரா படத்தை இருட்டாக்கிவிடும். பறவையின் மேல் விழும் வெயில் சிறிதும் மாறாதபோது, பின்னணி மாறியதற்காக மட்டும் கேமரா தன் கணக்கை மாற்றிக்கொள்கிறது. எனவே வெயில் நிலையாக இருக்கும் காலையில் ஐஎஸ்ஓ உட்பட எல்லாவற்றையும் கைமுறையில் நிலைநிறுத்துங்கள் என்பதே என் பரிந்துரை. தொடக்கத்தில் இது அச்சமூட்டலாம், ஆனால் செய்வது எளிது. கேமரா மெனுவில் மிகை வெளிச்ச எச்சரிக்கையை இயக்குங்கள். வெயிலில் அமர்ந்திருக்கும் கொக்கு ஒன்றை ஒரு படம் எடுத்துத் திரையில் பாருங்கள். வெளுத்த பகுதிகள் விட்டுவிட்டு மின்னும். மின்னுவது நிற்கும் வரை ஐஎஸ்ஓவை ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். நின்றதும் அதை அப்படியே விட்டுவிட்டால், கொக்கு மரத்துக்கு முன்னால் இருந்தாலும் வானத்துக்கு முன்னால் பறந்தாலும் வெண்மை சரியாகவே இருக்கும். மேகம் வந்து வெயில் குறைந்தால் மட்டும் மறுபடி சோதித்துக்கொள்ளுங்கள்.

கைமுறை இப்போதைக்கு வேண்டாம் என்று நினைப்பவர்கள், தானியங்கி ஐஎஸ்ஓவுக்கு 3200 என்று உச்சவரம்பு வைத்துவிட்டு, கேமரா கணக்கிட்ட வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் ஈடுசெய்தல் பொத்தானை இருண்ட பின்னணியில் வெள்ளைப் பறவைக்கு மைனஸ் 1 வரையிலும், வெளிர் வானத்தில் பறக்கும் பறவைக்கு பிளஸ் 1 வரையிலும் திருப்பலாம். அமர்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 போதும். ஃபோகஸ் புள்ளியை மட்டும் கண்ணின் மேல் வையுங்கள். மார்பு கூர்மையாகவும் கண் மங்கலாகவும் இருக்கும் படத்தை வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

மூன்றாவது படம்: மாலையில் பாம்புத்தாரா

பாம்புத்தாராவும் நீர்க்காகமும் நீருக்குள் மூழ்கி மீன் பிடிப்பவை. அவற்றின் இறகுகள் தண்ணீரில் நனைந்துவிடுவதால், வெளியே வந்ததும் சிறகை விரித்து உலர்த்தும். பல நிமிடங்கள் அசையாமல் நிற்கும் இந்தப் பறவையே நிழலுருவப் படத்துக்கு மிகவும் பொருத்தமானது. இதற்கு மட்டும் சூரியனை எதிரில் வைத்துக்கொள்ள வேண்டும். நிறம் கனிந்த வானத்துக்கு நேராக லென்ஸைத் திருப்பி, அந்த வானத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப அளவுகளை வைத்துவிட்டால் பறவை தானாகக் கருமையாகிவிடும். நான் எஃப்/8, 1/1000, ஐஎஸ்ஓ 200 வைத்தேன். நிழலுருவத்தில் முகமும் நிறமும் தெரியாது, வடிவம் மட்டுமே பேசும். ஆகவே அது தலையைப் பக்கவாட்டில் திருப்பி, ஈட்டி போன்ற அலகும் வளைந்த கழுத்தும் தனித்துத் தெரியும் வரை காத்திருங்கள். கிளை ஒன்று கழுத்தின் குறுக்கே வந்தால் கரையில் இரண்டடி நகர்ந்தாலே விலகிவிடும். கண்ணாடி வழியே பார்க்கும் டிஎஸ்எல்ஆர் கேமராவை நேரே சூரியனை நோக்கித் திருப்பி உள்ளே பார்க்காதீர்கள், அது கண்ணைக் கெடுக்கும்.

கைபேசி மட்டுமே வைத்திருப்பவர்களும் இந்த மூன்றாவது வகையை முயலலாம். திரையில் வானத்தைத் தொட்டு, வெளிச்சத்தைக் கீழே இழுத்து, கூட்டமாகக் கூடு திரும்பும் பறவைகளை மரங்களோடு சேர்த்து எடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

தொடர் படப்பிடிப்பில் எடுத்தவற்றுள் கண் கூர்மையாக இல்லாதவற்றை முதலில் நீக்கிவிடுங்கள். மீதியில் சிறகின் நிலை நன்றாக இருப்பதை மட்டும் எடுத்து, டார்க்டேபிள் போன்ற இலவச மென்பொருளிலோ லைட்ரூமிலோ திறந்து, முதலில் வெட்டுங்கள், பிறகு வெண்மையை அளவாகத் தணியுங்கள், கடைசியில் சிறிது கூர்மை கூட்டுங்கள். நாரையின் இளஞ்சிவப்பை அது இல்லாத அளவுக்கு ஏற்ற வேண்டாம்.

படத்தைப் பகிரும்போது ஷட்டர் வேகம், துளை அளவு, ஐஎஸ்ஓ, லென்ஸின் நீளம், எடுத்த நேரம் ஆகியவற்றைச் சேர்த்து எழுதினால் பார்ப்பவர்கள் கற்றுக்கொள்ள உதவும். பறவையை எழுப்புவதற்காகக் கல்லெறிவதும், கைதட்டுவதும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுவதும் கூட்டிலிருக்கும் முட்டையையும் குஞ்சையும் வெயிலிலும் காகத்திடமும் விட்டுவிடச் செய்யும். நடுப்பகலில் நாரை தன் சிறகைக் குடையாக விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும். அது சில நிமிடங்கள் விலகினாலும் குஞ்சுகள் வாடிவிடும். சரணாலயத்துக்கு வெளியே, வயல் ஓரத்திலோ ஊர்க் குளத்திலோ கூடு ஒன்றைக் கண்டு படமெடுத்திருந்தால், ஊரின் பெயரையும் வரைபடக் குறியையும் படத்தோடு சேர்க்காதீர்கள். கைபேசிப் படமாக இருந்தால் கோப்புக்குள் தானாகப் பதியும் இடக்குறிப்பையும் பதிவேற்றும் முன் நீக்கிவிடுங்கள்.