ஒரே மைக்கில் ஒரு கன்ட்ரி வால்ட்ஸ்: கௌபாய் ஜங்கீஸ் வழியில் பதிவு செய்வது எப்படி?

'ஐம் ஸோ லோன்சம் ஐ குட் க்ரை' பாட்டை அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் ஹாங்க் வில்லியம்ஸ் 1949 ஆகஸ்ட் 30 அன்று சின்சினாட்டியில் பதிவு செய்தார். முதலில் அது ஓர் இசைத்தட்டின் மறுபக்கத்துப் பாட்டாகத்தான் வெளிவந்தது. பிறகு எத்தனையோ பேர் பாடிவிட்டார்கள். 1966இல் பி. ஜே. தாமஸ் அதை ஹிட் ஆக்கினார். 1973இல் எல்விஸ் ஹவாய் மேடையில் பாடினார். அதே ஆண்டு அல் கிரீன் அதை சோல் இசைக்குள் கொண்டுபோனார்.

இவற்றுக்கு நடுவே போதிய கவனம் பெறாத ஒரு பதிவு டொராண்டோவின் கௌபாய் ஜங்கீஸ் குழுவுடையது. 'தி டிரினிட்டி செஷன்' ஆல்பத்தில் ஐந்தாவது பாட்டு. அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தாலே எல்லோரும் அதிலுள்ள 'ஸ்வீட் ஜேன்' பாட்டின் பக்கம் போய்விடுவதால் இது பின்னால் தங்கிவிட்டது. எங்களைக் கேட்டால், இந்தப் பாட்டின் தனிமையை மிக நன்றாகப் புரிந்துகொண்ட பதிவு இதுதான். ஹாங்க் 3 நிமிடத்துக்குள் முடித்ததை இவர்கள் 5 நிமிடத்துக்கு மேல் இழுக்கிறார்கள். ஓர் இடத்திலும் அலுப்பதில்லை.

1987 நவம்பர் 27 அன்று, ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில், எல்லாத் திசையின் ஒலியையும் பிடிக்கும் ஒரே ஒரு கால்ரெக் அம்பிசோனிக் மைக்கைச் சுற்றி அமர்ந்து வாசித்தார்கள். தயாரிப்பாளர் பீட்டர் மூர். பாடகி மார்கோ டிம்மின்ஸின் மெல்லிய குரல் ஒரு ஸ்பீக்கர் வழியாக அந்த மைக்கை வந்தடைந்தது. பின்னால் மிக்ஸிங், அதாவது ஒவ்வொரு ஒலியின் அளவையும் தனித்தனியே சரிசெய்வது, கிடையாது. யார் எவ்வளவு தூரத்தில் இருந்தார்கள் என்பதே மிக்ஸிங். இந்த முறையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

தேவையானவை: ஒரு அகூஸ்டிக் கிட்டார், ஒரு குரல், ஒரு மைக் (நல்ல ஃபோன் இருந்தாலும் போதும்), ஸ்டாண்ட், அளக்கும் டேப், ஹெட்ஃபோன்.

1. பாட்டைக் கைக்குள் கொண்டுவருதல்

வால்ட்ஸ் என்பது மூன்று எண்ணிக்கைத் தாளம். மூன்று எண்ணிக்கை ஒரு பார், ஒரு சரணம் 16 பார். ஹாங்க் பாடிய ஈ சுருதியிலேயே கார்டுகள் எளிது:

பார் 1–6: ஈ
பார் 7–8: ஈ7
பார் 9–10: ஏ
பார் 11–12: ஈ
பார் 13: ஈ, பார் 14: பி7
பார் 15–16: ஈ

குரலுக்குச் சுருதி தாழ்வாக இருந்தால் கேபோவை (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) 2 அல்லது 3ஆம் ஃப்ரெட்டில் போட்டு, இதே விரல் பிடிகளை வைத்துக்கொள்ளுங்கள். முதல் எண்ணிக்கையில் கட்டைவிரலால் பேஸ் தந்தி, அடுத்த இரண்டில் மெல்லிய ஸ்ட்ரம்.

மெட்ரோனோமை நிமிடத்துக்கு 75 எண்ணிக்கையில் வையுங்கள். அந்த வேகத்தில் ஒரு சரணம் ஏறக்குறைய 38 விநாடி. ஆரம்பத்தில் எல்லோருக்கும் வரும் சிக்கல் ஒன்றுதான்: வரி முடிந்து குரல் நிற்கும் இடத்தில் கை தானாக வேகமெடுக்கும். அந்த வெற்றிடத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணிக்கொண்டே இருங்கள்.

2. அறை

நடுக்கூடத்தில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். ஒலி மெல்லத் தேய்ந்தால் நல்ல அறை. 'டர்ர்' என்று துடித்தால் இரு எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே எதிரொலி மோதுகிறது. ஒரு சுவரில் கனமான போர்வையைத் தொங்கவிடுங்கள். எல்லாச் சுவரையும் மூட வேண்டாம். இந்தப் பதிவு முறைக்கு அறையின் ஒலியும் ஒரு வாத்தியம். மூலையில் உட்காராதீர்கள், கிட்டாரின் கீழ் ஒலி அங்கே குமுறும். மின்விசிறி, ஃபிரிட்ஜ் இரண்டையும் நிறுத்துங்கள்.

3. கருவி அமைப்பு

ஃபோன் என்றால் ஏர்பிளேன் மோடில் போடுங்கள். பதிவு ஆப்பில் வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், வசதி இருந்தால் 24 பிட். தானாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதியையும் இரைச்சல் நீக்கியையும் கட்டாயம் அணைத்துவிடுங்கள். முதலாவது, நீங்கள் மௌனமாகும் போதெல்லாம் அறையின் இரைச்சலைத் தூக்கிக் காட்டும். இரண்டாவது, தேய்ந்து மறையும் கார்டின் வாலை இரைச்சல் என்று எண்ணி வெட்டிவிடும். இவ்வளவு மெதுவான பாட்டில் இரண்டுமே உடனே காதில் உறுத்தும்.

இருக்கும் வரிகளிலேயே சத்தமானதைப் பாடி, மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி அளவை வையுங்கள்.

4. தூரமே மிக்ஸிங்

அதிக நேரத்தை இங்கே செலவிடுங்கள். திறந்த வெளியில் ஒலி மூலம் இருமடங்கு தூரம் போனால் நேரடி ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள்ளும் அப்படித்தான், ஆனால் அறையின் எதிரொலி அவ்வளவு குறையாது. அதனால் பின்னால் நகரும் வாத்தியம் சத்தம் குறைவதோடு ஆழத்துக்கும் போகும்.

இருவர் என்றால்: பாடுபவர் மைக்கிலிருந்து 50 செ.மீ., கிட்டார் 120 செ.மீ. கிட்டாரின் 12ஆம் ஃப்ரெட் மைக்கைப் பார்க்கட்டும். நடுத்துளை மைக்கைப் பார்த்தால் 'பூம்' என்ற ஒலி வார்த்தைகளை மூடிவிடும். வயலினோ ஹார்மோனிகாவோ சேர்ந்தால் 2 மீட்டரில் தொடங்குங்கள்.

தனியாகப் பாடி வாசிப்பவர் மைக்கை மார்பு உயரத்தில், 45 செ.மீ. முன்னால் வைக்கலாம். குரல் போதவில்லை என்றால் மைக்கை 10 செ.மீ. உயர்த்துங்கள். சத்தமாகப் பாடி ஈடுகட்ட வேண்டாம். குரலின் தன்மையே மாறிவிடும்.

ஒரு சரணம் பதிவு செய்து, ஹெட்ஃபோனில் கேட்டு, ஒரே ஒரு ஆளை மட்டும் 15 செ.மீ. நகர்த்தி, மறுபடி பதிவு செய்யுங்கள். ஒரே நேரத்தில் இருவரை நகர்த்தினால் எது பலன் தந்தது என்று தெரியாது. சரியான இடம் கிடைத்ததும் தரையில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள்.

5. முழுப் பதிவு

வெட்டி ஒட்ட முடியாது. குரலும் கிட்டாரும் ஒரே கோப்பில் இருக்கின்றன. நடுவில் பிழை வந்தால் முதலிலிருந்துதான். காலால் தாளம் தட்டாதீர்கள், அதிர்வு ஸ்டாண்ட் வழியாக மைக்குக்கு ஏறும். ஸ்டாண்டின் கீழே மடித்த துண்டு வையுங்கள். கடைசி ஈ கார்டை அடித்த பிறகு குறைந்தது 6 விநாடி அசையாமல் இருங்கள்.

மூன்று பதிவு கிடைத்ததும் நிறுத்துங்கள். ஒலியைக் குறைத்து வைத்துக் கேளுங்கள்: அப்போதும் ஒவ்வொரு வார்த்தையும் புரிகிற பதிவே தேறியது. அதற்கு மேல் ரிவர்ப் (செயற்கை எதிரொலி) போட வேண்டாம். கோப்பின் முன்னும் பின்னும் வெட்டி, மொத்த ஒலியளவை மட்டும் உயர்த்துங்கள். பொதுவில் வெளியிடுவதாக இருந்தால் பாட்டுக்கு உரிமம் தேவையா என்று முதலில் பாருங்கள்.