அந்தப் பத்து நொடி: பழைய கணினிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய பென்டியம் 4 ஒன்றை வெகுநாள் கழித்து ஆன் செய்தால், சில சமயம் நீலத் திரை வந்து நிற்கும். சி டிரைவைச் சோதிக்கப் போகிறேன், வேண்டாமென்றால் 10 நொடிக்குள் ஏதாவது ஒரு கீயை அழுத்து என்று கேட்கும். பத்து, ஒன்பது, எட்டு என்று எண் இறங்கும். பழைய கணினிகளைப் பழுதுபார்க்கப் புதிதாக வருகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கணினி தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது என்ற நினைப்பு. பத்து வருடக் கணக்குகளோ, ஒரு லேத் மெஷினை ஓட்டும் புரோகிராமோ கைவிட்டுப் போவது பல இடங்களில் அந்தப் பத்து நொடிக்குப் பிறகுதான்.

கேபிளை அழுத்திச் செருகு, தூசியைத் தட்டு, ரேமை ஒருமுறை கழற்றி மாட்டு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை இங்கே எழுதவில்லை. விஷயம் தெரிந்தவர்களே திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள் மட்டும்.

இமேஜ் எடுக்காமல் ஹார்ட் டிஸ்க்கில் கை வைப்பது

இமேஜ் என்பது டிஸ்க்கில் உள்ளதை அப்படியே ஒரே கோப்பாக எடுத்த முழு நகல். அதை எடுக்காமல் தொடுவதுதான் இவற்றில் மிக மோசமானது. மற்ற பல தவறுகளுக்குப் பரிகாரம் உண்டு. போர்டு போனால் இன்னொரு போர்டு தேடலாம். டிஸ்க்கில் இருப்பது போனால் போனதுதான்.

பூட் ஆக வழக்கத்தைவிட நேரம் எடுக்கிறது, சில கோப்புகள் திறக்கும்போது கணினி உறைந்து நிற்கிறது என்றால் டிஸ்க் தேய்ந்துவரலாம். அதைப் பார்த்ததும் கை தானாகச் செக்டிஸ்க் பக்கம் போகிறது, அந்தப் பத்து நொடி முடிந்ததும் ஓடுகிற விண்டோஸ் சோதனைக் கருவி அது. செக்டிஸ்க் கோப்புகளைக் காப்பாற்றும் கருவி என்று நினைப்பதுதான் சிக்கலின் வேர். அதன் வேலை ஃபைல் சிஸ்டத்தின் கணக்கை, அதாவது எந்தக் கோப்பு டிஸ்க்கில் எங்கே இருக்கிறது என்ற கணக்கை, ஒழுங்காக்குவது. பேரேட்டில் ஒரு பக்கம் படிக்க முடியாமல் போனால், அந்தப் பக்கத்தை மீட்கப் பார்க்காமல், அதைக் குறிப்பிடுகிற வரிகளை மற்ற பக்கங்களில் அடித்துவிட்டுக் கணக்கு நேராகிவிட்டது என்று சொல்லும் கணக்குப்பிள்ளை மாதிரி.

என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸ் ஃபைல் சிஸ்டம் உள்ள டிஸ்க்கில் ஒவ்வொரு கோப்புக்கும் மாஸ்டர் ஃபைல் டேபிளில் ஒரு பதிவு இருக்கும். வழக்கமாக 1024 பைட், அதாவது 512 பைட் செக்டார் (டிஸ்க் ஒரு தடவையில் படிக்கும் சிறு துண்டு) இரண்டு. அதில் ஒரு செக்டார் மட்டும் படிக்க வராமல் போகட்டும். நல்ல மீட்புக் கருவியில் நாலைந்து முறை முயன்றால் அது வந்துவிடவும் கூடும். செக்டிஸ்க் கட்டளையோடு ‘எஃப்’ சுவிட்ச்சை (/f) சேர்த்து ஓட்டினால் அந்தப் பதிவையே கெட்டது என்று முடிவுகட்டி நீக்கிவிடுகிறது, ஃபோல்டரில் இருக்கும் பெயரையும் சேர்த்து. மிச்சம் மீதி இருப்பது ‘ஃபவுண்ட்.000’ என்ற மறைந்த ஃபோல்டருக்குள், பெயரில்லாத துண்டுகளாக வந்து விழும். ‘ஆர்’ சுவிட்ச் இன்னும் மோசம். ‘எஃப்’ செய்வதையெல்லாம் செய்துவிட்டு, டிஸ்க்கின் முழுப் பரப்பையும் மணிக்கணக்கில் உழும். சாகக் கிடக்கும் ஹெட்டுக்கு, அதாவது டிஸ்க்கைப் படிக்கும் முனைக்கு, இன்னும் ஒரே ஒரு முழு வாசிப்புக்குத்தான் தெம்பு இருக்கிறது என்றால், அதை இப்படிச் செலவழிப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது.

செக்டிஸ்க்கைத் தொடவே இல்லை, சும்மா பூட் செய்து பார்த்தேன் என்பார்கள். எக்ஸ்பி பூட் ஆனாலே டிஸ்க்கில் எழுத ஆரம்பித்துவிடும். பேஜ் ஃபைல், ரெஜிஸ்ட்ரி, ஈவன்ட் லாக் எல்லாம் எழுத்துதான். போதாக்குறைக்கு, கணினி சும்மா இருக்கும் நேரம் பார்த்துப் பூட் கோப்புகளை இடம் மாற்றி அடுக்குகிற வழக்கமும் அதற்கு உண்டு. அழிந்த கோப்பு கிடந்த இடத்தின் மேலேயே இவற்றில் ஒன்று உட்கார்ந்துவிடலாம்.

ஆகவே வரிசை இது. கணினியை ஆன் செய்யாமல் டிஸ்க்கைக் கழற்றுங்கள். ஐடிஇ போர்ட் (பழைய டிஸ்க்குகளின் பட்டைக் கேபிள் செருகும் இடம்) உள்ள வேறொரு கணினியில் நேரடியாக மாட்டுங்கள். மலிவான யுஎஸ்பி அடாப்டர்கள் பலவற்றில், படிக்க முடியாத செக்டார் வந்ததும் இணைப்பே அறுந்துவிடும். ஸ்மார்ட் விவரங்களும், அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றி வைத்திருக்கும் குறிப்புகளும், வராது. நிறுவாமலே பென் டிரைவிலிருந்து ஓடும் லைவ் லினக்ஸில் பூட் செய்து, டிஸ்க் தானாக மவுன்ட் ஆவதை (பயன்பாட்டுக்குத் திறப்பதை) முதலில் நிறுத்துங்கள். ஸ்மார்ட் அட்டவணையில் 5, 197, 198 ஆகிய மூன்று எண்களைப் பாருங்கள். 197-இன் மதிப்பு பூஜ்யமாக இல்லையென்றால், படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்கள் இருக்கின்றன.

பிறகு டிடிரெஸ்க்யூ, இமேஜ் எடுக்கும் லினக்ஸ் கருவி. முதல் சுற்றில் சிறிய ‘என்’ சுவிட்ச் போடுங்கள். கெட்ட இடங்களைச் சுரண்டாமல் விட்டுவிட்டு, நன்றாக இருப்பதை முதலில் வாரிக்கொண்டு வரும். 40 ஜிபி டிஸ்க் நொடிக்கு 25 எம்பி வேகத்தில் படிக்குமானால் அரை மணிக்குள் இது முடியும். இரண்டாம் சுற்றில் சிறிய ‘டி’ சுவிட்ச்சும், சிறிய ‘ஆர்’ போட்டு 3 என்ற எண்ணும். கெட்ட இடங்களை மூன்று தடவை முயலும். இதற்கு நாள் கணக்கில்கூட ஆகலாம். டிஸ்க்கின் மேல் ஒரு சின்ன ஃபேனை வைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள்.

இந்த இடத்திலேயே மூன்று இடறல்கள் உண்டு. இமேஜை எஃப்ஏடி32 பென் டிரைவில் எடுக்க முயல்வது ஒன்று. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது என்பதால் வேலை பாதியில் நின்றுவிடும். எதுவரை படித்தது என்று டிடிரெஸ்க்யூ குறித்துவைக்கும் மேப் ஃபைலை லைவ் லினக்ஸின் ஹோம் ஃபோல்டரில் வைப்பது இன்னொன்று. அது ரேமில் இருப்பது, மின்சாரம் போனால் கூடவே போய்விடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாவது, எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுப்பது. வெற்று டிஸ்க்கை நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதிவிட்டால் எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை நம்பாதீர்கள், ஒவ்வொரு பூட்டிலும் அவை இடம் மாறலாம். டிஸ்க்கின் லேபிளில் அச்சிட்டிருக்கும் சீரியல் எண்ணைத் திரையில் வருவதோடு ஒப்பிட்டுவிட்டு என்டர் தட்டுங்கள்.

இமேஜ் கிடைத்ததும் அதற்கு ஒரு நகல். செக்டிஸ்க் உட்பட எந்தச் சோதனையும் அந்த நகலில்தான். லினக்ஸ் டிஸ்க் என்றால் ரீட்-ஒன்லி என்று மவுன்ட் செய்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். லினக்ஸின் ஃபைல் சிஸ்டங்களான இஎக்ஸ்டி3, இஎக்ஸ்டி4 இரண்டும் அப்போதும் ஜர்னலை, அதாவது பாதியில் நின்ற வேலைகளின் பதிவை, ஓட்டி டிஸ்க்கில் எழுதக்கூடும். ‘நோலோட்’ என்ற ஆப்ஷனையும் சேர்க்க வேண்டும்.

டிஸ்க் டக், டக் என்று சீராகத் தட்டுகிறதா? உடனே பவரை எடுங்கள். அதற்குமேல் அது தனி ஆய்வகத்தின் வேலை.

ஓடாத டிஸ்க்கை ஃப்ரீசரில் வைப்பது

வேண்டாம். வெளியே எடுத்ததும் உள்ளே ஈரம் படியும்.

எழுதி வைக்காமல் பயாஸை ரீசெட் செய்வது

கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும் புரோகிராம் பயாஸ். அதன் அமைப்புகளைக் காத்துவைக்கும் சிமாஸ் பேட்டரியைக் கழற்றிப் போடுவது எல்லா நோய்க்கும் மருந்து என்று ஒரு நம்பிக்கை பரவிக் கிடக்கிறது. பழைய கணினியில் அந்த அமைப்புகள் வேறெங்கும் எழுதப்பட்டிருக்காது. 486 காலத்து போர்டில் டிஸ்க்கின் சிலிண்டர், ஹெட், செக்டார் எண்களை யாரோ கையால் கொடுத்திருப்பார்கள். நார்மல், லார்ஜ், எல்பிஏ என்ற மூன்று முறைகளில் எதில் டிஸ்க்கைப் பார்டிஷன்களாகப் பிரித்தார்களோ, அதே முறையில்தான் அது பூட் ஆகும். ஆட்டோ டிடெக்ட் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தால், ஒரு குறையும் இல்லாத டிஸ்க் காலியானது போலத் தெரியும். அங்கேதான் ‘ஃபார்மேட் பண்ணிடலாமா?’ என்ற கேள்வி வருகிறது.

ஐடிஇ-க்குப் பதிலாகச் சேட்டா இணைப்பு வந்த பிறகும் கதை மாறவில்லை. ரீசெட்டுக்குப் பின், டிஸ்க்கோடு பேசும் மோடு ஐடிஇ-யிலிருந்து ஏஹெச்சிஐ ஆகிவிட்டால், எக்ஸ்பி ஸ்டாப் 7பி என்ற நீலத் திரையோடு நின்றுவிடும். எக்ஸ்பியில் அதற்கான டிரைவரே கிடையாது. மோடைத் திருப்பி மாற்ற ஒரு நிமிடம் போதும். அது தெரியாமல் விண்டோஸையே புதிதாகப் போடப் போனவர்கள் நிறையப் பேர். பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் போனில் படம் எடுத்துவிடுங்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு. 386, 486 போர்டுகளில் சின்னப் பீப்பாய் வடிவத்தில், 3.6 வோல்ட் நிக்கல்-காட்மியம் பேட்டரி பற்றவைத்திருந்தால், அமைப்புகளைக் குறித்துக்கொண்ட கையோடு அதை வெட்டி எடுங்கள். அது கசிந்தால் பக்கத்தில் உள்ள செம்புத் தடங்களை அரித்துவிடும். பச்சை படிந்த இடத்தை வெள்ளை வினிகரால் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். அந்த இடத்தில் சிஆர்2032 என்ற வட்ட லித்தியம் பேட்டரியை நேரடியாகப் பற்றவைக்கக் கூடாது. போர்டு பழைய பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் அமைப்பு கொண்டது. சிஆர்2032 சார்ஜ் ஏற்றக்கூடாதது. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்று நடுவில் கட்டாயம்.

பெரிய டிஸ்க்கை அப்படியே மாட்டுவது

பழைய ஐடிஇ-யில் டிஸ்க்கின் இடத்தைக் குறிக்கும் முகவரி 28 பிட். அதன் எல்லை 137 ஜிபி. எக்ஸ்பியின் முதல் வெளியீடு இதைத் தாண்டாது. சர்வீஸ் பேக் 1 வேண்டும். விண்டோஸ் 2000-க்கு சர்வீஸ் பேக் 3-ம், அதோடு ரெஜிஸ்ட்ரியில் ஒரு மாற்றமும் தேவை. புதிய கணினியில் பார்டிஷன் பிரித்த 250 ஜிபி டிஸ்க்கை இவை இல்லாத கணினியில் மாட்டினால் முதலில் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். எல்லையைத் தாண்டி எழுதும்போது முகவரி சுற்றிவந்து டிஸ்க்கின் தொடக்கத்தில் எழுதிவிடக்கூடும். பார்டிஷன் டேபிள் இருப்பது அங்கேதான்.

ஏடி பவர் சப்ளை

ஏடி என்ற பழைய வகைப் பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு வரும் பி8, பி9 இணைப்புகள் இரண்டின் கறுப்பு ஒயர்களும் நடுவில் அடுத்தடுத்து வர வேண்டும். மாற்றிச் செருகினால் போர்டு போயிற்று. முன்பக்க ஸ்விட்ச்சுக்கு வருவது 230 வோல்ட், பிளக்கைப் பிடுங்காமல் தொடாதீர்கள்.

வேகம் குறைந்ததும் ரேம் வாங்குவது

எக்ஸ்பியில் டிஸ்க் திடீரென்று ஆமை வேகத்துக்கு வந்தால், வைரஸையும் ரேமையும் சந்தேகிக்கும் முன் டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனலைத் திறந்து பாருங்கள். டைம்-அவுட், சிஆர்சி பிழைகள் மொத்தம் ஆறு சேர்ந்தால் எக்ஸ்பி வேகத்தைப் படிப்படியாக இறக்கி, கடைசியில் மெதுவான பிஐஓ மோடில் கொண்டுபோய் விட்டுவிடும். தானாக மேலே ஏறாது. அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீபூட் செய்தால் வேகமான டிஎம்ஏ மோடு திரும்பும்.

ஆனால் அந்த ஆறு பிழைகள் எப்படி வந்தன என்று பார்க்காமல் விட்டால் சில நாளில் பழைய கதைதான். பாதி நேரம் கேபிள்தான் காரணம். 80 கம்பி கேபிளில் நீல முனை போர்டுக்கு, கறுப்பு முனை மாஸ்டருக்கு (முதல் டிஸ்க்), நடுவில் உள்ள சாம்பல் ஸ்லேவுக்கு (இரண்டாவது டிஸ்க்). கேபிளில் குறை இல்லையென்றால், சந்தேகம் டிஸ்க் மேல்.

டாஸ் புரோகிராமுக்கு யுஎஸ்பி சீரியல் கன்வெர்ட்டர்

தராசு, லேத், பழைய ஆய்வகக் கருவிகளுக்கான டாஸ் புரோகிராம்கள் பல, 3எஃப்8 என்ற போர்ட் முகவரியிலும் ஐஆர்க்யூ 4 என்ற குறுக்கீட்டு எண்ணிலும் ஹார்டுவேரை நேரடியாகத் தொடுகின்றன. யுஎஸ்பி கன்வெர்ட்டர் அந்த முகவரியில் இருக்காது. போர்டிலேயே சீரியல் போர்ட் உள்ள கணினியைத் தேடுங்கள். பல போர்டுகளில் பின்பக்கம் தெரியாவிட்டாலும் உள்ளே பத்து முள் இணைப்பு இருக்கும். அதற்கான பட்டைக் கேபிளில் இரண்டு வகை உண்டு, முள் வரிசை வேறு. மாற்றி மாட்டினால் போர்ட் பதில் சொல்லாது.

பழசுக்காகப் புது சர்வரைத் தளர்த்துவது

நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிர எக்ஸ்பிக்குத் தெரிந்தது எஸ்எம்பி1 என்ற பழைய முறை மட்டும். அந்த ஒரு கணினிக்காக அலுவலக ஃபைல் சர்வரில் எஸ்எம்பி1-ஐத் திறந்துவிடுகிறார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியது இந்த வாசல் வழியாகத்தான். நடுவில் ஒரு சின்ன லினக்ஸ் பெட்டியை வையுங்கள், இரண்டு நெட்வொர்க் கார்டுகளோடு. பழைய கணினி ஒரு பக்கம் மட்டும் பார்க்கட்டும், இணையம் வேண்டாம்.

வேறொரு கருவிக்குள் நெட்வொர்க் வழியாகப் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் விஷயமும் இதே மாதிரிதான். ஓபன்எஸ்எஸ்ஹெச் 7.0 வெளியான 2015-இலிருந்து, டிஃபி-ஹெல்மேன் குரூப் 1 என்ற பழைய சாவிப் பரிமாற்ற முறை வழக்கமாக அணைந்தே இருக்கிறது. 2021-இல் 8.8 வந்தபோது எஸ்ஹெச்ஏ1 வைத்துப் போடும் ஆர்எஸ்ஏ கையெழுத்தும் அப்படியே ஆயிற்று. பழைய நெட்வொர்க் ஸ்விட்ச்சில் நுழைய முடியவில்லை என்று இவற்றை எல்லா இணைப்புக்கும் சேர்த்துத் திறந்துவிடாதீர்கள். கான்ஃபிக் கோப்பில் அந்த ஒரு ஸ்விட்ச்சின் பெயரில் ஹோஸ்ட் பகுதி எழுதி, பழைய அல்காரிதத்தைக் கூட்டல் குறியோடு அதற்குள் மட்டும் சேருங்கள்.

எழுத்துருக்களை விட்டுவிட்டு வருவது

அச்சுக்குப் பக்கம் வடிவமைத்த பழைய டிடிபி கணினியைக் காலி செய்கிறவர்கள், அந்தப் பக்கங்கள் உள்ள பேஜ்மேக்கர் கோப்புகளை மட்டும் அள்ளிக்கொண்டு வருகிறார்கள். யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில், அதாவது பாமினி, டாப், டாம், டிஸ்கி போன்றவற்றில், ஒவ்வொரு முறையிலும் எழுத்துக்கு வேறு வேறு எண் கொடுத்திருக்கும். எழுத்துரு கூட வராவிட்டால், புதிய கணினியில் ஒரு பத்திரிகையின் முழு இதழும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குவியலாகத்தான் தெரியும். சில அச்சகங்கள் தங்களுக்கென்று மாற்றியமைத்த எழுத்துருவை வைத்திருந்தன. அது வேறெங்கும் கிடைக்காது. விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுதாக எடுங்கள். டைப் 1 எழுத்துரு என்றால் பிஎஃப்பி, பிஎஃப்எம் என்று இரட்டைக் கோப்பாக இருக்கும், பெரும்பாலும் சி டிரைவில் ‘பிஎஸ்ஃபான்ட்ஸ்’ என்ற தனி ஃபோல்டரில். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அந்த எழுத்துரு நிறுவ வரும்.