கிறிஸ்மஸுக்குள்ள நடக்கணும்னு பிள்ளைய விரட்டாதீங்க

போன வாரம் தங்கச்சி வீடியோ கால் பண்ணினா, மடியில பத்து மாச பிள்ளை, பின்னாடி ஹால் மூலையில மஞ்ச கலர்ல ஒரு புது வாக்கர், பிள்ளைய நடுவுல சீட்டுல உக்கார வச்சா சக்கரத்துல உருளுமே, அதுதான். "கிறிஸ்மஸுக்கு இன்னும் அஞ்சு வாரம் கெடக்குல்லாக்கா, அதுக்குள்ள நடந்துருவான்"னு சொன்னா. எனக்கு வயித்த கலக்கிட்டு. ஏழு வருஷம் முன்னாடி நானும் இதையேதான் சொன்னேன். அதாக்கும் இத எழுதுறேன். சூடு காப்பிய எட்டுற எடத்துல வைக்காதீங்க, கட்டில்ல தனியா விடாதீங்க, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், விட்டுடுறேன்.

பண்டிகை நாளுக்கும் பிள்ளை நடக்கதுக்கும் முடிச்சு போடாதீங்க

என் மூத்தவளும் கொழுந்தன் மவனும் ஒரே பிப்ரவரியில பிறந்தவங்க. அவன் நவம்பர்லயே எட்டு வச்சுட்டான். அதுல இருந்து மாமி தினமும் போன்ல "பிள்ளை நடக்காளா மக்ளே"னு கேப்பாங்க, ஆசையிலதான் கேட்டாங்க, ஆனா எனக்கு அது பரீட்சை மாதிரி ஆயிட்டு. கிறிஸ்மஸுக்கு சொந்தக்காரங்க எல்லாம் வருவாங்க, அவங்க முன்னாடி அவன் மட்டும் நடந்தா எப்படின்னு மார்த்தாண்டம் போய் வாக்கர் வாங்கிட்டு வந்துட்டேன். காலை மாலை அதுலதான் கெடப்பா.

24-ந்தேதி ராத்திரி. அடுப்புல முந்திரிக்கொத்து பலகாரம் பொரியுது, வெளிய கேரல் பாட்டு சத்தம், யாரோ முன் கதவ ரெண்டு பக்கமும் தொறந்து விட்டாங்க, எல்லாரும் தெருவ பாத்துட்டு நிக்கோம். வாக்கர் உருண்டு போன சத்தமே கேக்கல, நடையில தட்டின சத்தம்தான் கேட்டுது. மூணு படி. புது வெள்ளை ஃப்ராக்கோட நெஞ்சுப் பக்கம் முழுக்க ரத்தம். புருவத்துல மூணு தையல். அந்தத் தழும்புல இப்பவும் முடி முளைக்கல, தலை சீவி விடும்போது தினமும் கண்ணுல படும்.

அந்த வாக்கர் ஒரு செகண்டுல மூணு அடிக்கு மேல ஓடும், பக்கத்துல நின்னாலும் நம்ம கை எட்டாது. கனடாவுல 2004-லயே இத விக்கவே கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க. இங்க ஞானஸ்நானத்துக்கு கிஃப்ட்டா குடுக்காங்க, பாத்தாலே எனக்கு கோவம் வரும். சரி, நடக்கவாவது சொல்லிக் குடுக்குமா? அதுவும் இல்ல. நுனிவிரல்ல உந்திட்டு போவும், இடுப்பும் முதுகும் பேலன்ஸ் பிடிக்க வேண்டிய வேலைய அந்த சீட்டு செஞ்சிடும், தன் கால் எங்க ஊணுதுன்னு பிள்ளைக்கு தெரியவே செய்யாது. தரையில விடுங்க. தவழட்டும், கட்டில பிடிச்சு எழும்பட்டும், செவத்த பிடிச்சு பக்கவாட்டுல போட்டும். மரத்துல செய்த நம்ம பழைய நடைவண்டி வேற, அத தள்ளுறதுக்கு பிள்ளை தன் கால்ல நிக்கணும், நாம பக்கத்துல இருந்தா தப்பில்ல.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட அஞ்சு நாட்டு பிள்ளைகள பாத்து 2006-ல வெளியிட்ட கணக்குல, பிடிக்காம நடக்கதுக்கு 8.2 மாசத்துல இருந்து 17.6 மாசம் வரைக்கும் போட்டிருக்கு. ஒன்பது மாசத்துல நடந்த கொழுந்தன் மவனும் அதுக்குள்ளதான், என் மவளும் அதுக்குள்ளதான். முட்டி போட்டு தவழாமலே நடந்த பிள்ளைகளும் அதுல நூத்துக்கு நாலு பேர் உண்டு. குறைமாசத்துல பிறந்த பிள்ளைன்னா எத்தனை வாரம் முன்னாடி வந்துதோ அத கழிச்சுட்டுதான் வயச எண்ணணும், ரெண்டு வயசு வரைக்கும் இப்படித்தான்.

என் மவ ஏப்ரல்ல நடந்தா. வீட்டுல ஆளே இல்ல, நான் முற்றத்துல துணி காயப் போட்டுட்டு நின்னேன், ஒரு கோழி குறுக்க போச்சு, அவ தொட்டிய பிடிச்சிருந்த கைய விட்டுட்டு அது பின்னாடி நாலு எட்டு போனா.

ஆனா 18 மாசம் ஆயும் நடக்கல, ஒரு வயசு தாண்டியும் பேர் சொல்லி கூப்பிட்டா திரும்பல, முன்னாடி செஞ்சிட்டிருந்தத இப்ப செய்யல, இதுல எது ஒண்ணுன்னாலும் "அவன் அப்பனும் லேட்டுதான்"னு பண்டிகை கழியட்டும்னு இருக்காதீங்க. உடனே பிள்ளைங்க டாக்டர்ட்ட காட்டுங்க.

அழுற பிள்ளைய கிறிஸ்மஸ் தாத்தா கையில திணிக்காதீங்க

எட்டு ஒன்பது மாசத்துல தெரியாத மொகத்த கண்டு அழுறதும் வளர்ச்சிதான். அம்மாவ அடையாளம் கண்டுட்டான்னு அர்த்தம். போட்டோ இல்லாட்டி போவட்டும்.

முந்திரிக்கொத்து

வேண்டாம். மட்டி வாழைப்பழம் மசிச்சு குடுங்க.

தேன்

ஒரு வயசு ஆகலன்னா ஒரு சொட்டும் கூடாது, மார்த்தாண்டத்து சுத்தமான தேனா இருந்தாலும் சரி. அதுல இருக்கக்கூடிய ஒரு கிருமி பெரியவங்கள ஒண்ணும் செய்யாது, சின்ன பிள்ளை குடலுக்குள்ள வளந்து விஷமாயிடும்.

குடில்ல வைக்கிற எல்இடி மெழுகுதிரி

உள்ள சட்டை பட்டன் மாதிரி ஒரு பேட்டரி கெடக்கும். தவழுற பிள்ளைக்கு குடில் எட்டுற உயரந்தான். முழுங்கிட்டா ரெண்டே மணி நேரத்துல உணவுக்குழாய் வெந்து போயிடலாம், முழுங்கினானான்னு சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காம நேரா எமர்ஜென்சிக்கு ஓடுங்க. பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு இறுக்கினதான்னு கடையிலயே தொறந்து பாத்து வாங்குங்க.