கத்திரி வெயிலில் வேலூர் எங்கே அதிகம் காய்கிறது? வரைபடமாகப் பார்க்கும் வழி

தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாக் கோட்டை, சாமி இல்லாக் கோயில் என்று வேலூரைப் பற்றி ஒரு கிண்டல் பேச்சு ரொம்ப காலமாக உண்டு. இதில் கோயில் விஷயம் 1981-லேயே பழைய கதையாகிவிட்டது, ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். மிச்சத்தில் ஆறும் மலையும்தான் நமக்கு வேண்டும், ஏனென்றால் இந்த ஊர் வெயிலைப் பற்றிப் பேச்சு வந்தாலே "சுத்தி பாறை மலை, அது சூடேறி ஊரை வாட்டுது" என்றுதான் டீக்கடையில் முடிப்பார்கள். அது எவ்வளவு தூரம் சரி, எந்தப் பகுதி அதிகம் காய்கிறது என்பதை ஒரு சாதாரண லேப்டாப்பும் இணையமும் இருந்தால் காசு செலவில்லாமல் நீங்களே பார்க்கலாம்.

முதலில் கியூஜிஐஎஸ் (QGIS) என்ற வரைபட மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் எதிலும் ஓடும். திறந்ததும் இருக்கிற பட்டன்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், நமக்குத் தேவைப்படுவது நாலைந்துதான். பிளக்இன் (கூடுதல் கருவிகள்) பகுதிக்குப் போய் குவிக்ஓஎஸ்எம் என்பதைச் சேர்த்தால், தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருக்கும் சாலைகள், ஏரிகள், ரயில் பாதை எல்லாம் உங்கள் திரைக்கு வந்துவிடும். காட்பாடியிலிருந்து பாகாயம் வரை அடங்குகிற மாதிரி ஒரு சதுரம் போட்டுக்கொண்டால் போதும், மாவட்டம் முழுவதும் இப்போதைக்கு வேண்டாம்.

அப்புறம் ஒரு அமைப்பை மாற்ற வேண்டும், இதை விட்டால் பின்னால் எல்லாமே கோணலாகும். புராஜெக்டின் ஆயக்கட்டமைப்பை (சிஆர்எஸ், அதாவது இடங்களை எந்த அளவுமுறையில் குறிப்பது என்பதை) இபிஎஸ்ஜி 32644 என்று வையுங்கள். வேலூர் கிட்டத்தட்ட 79 டிகிரி தீர்க்கரேகையில் இருப்பதால் யூடிஎம் என்ற மீட்டர் கணக்கு முறையில் 44-வது வடக்கு மண்டலத்தில் வருகிறது, அதன் எண்தான் இது. மாற்றாமல் விட்டால் தூரத்தை டிகிரியில் கணக்குப் போடும், "300 மீட்டர் கட்டம்" என்று நீங்கள் நினைத்துப் போடுவதை அது 300 டிகிரி என்று எடுத்துக்கொண்டு பூமியையே மூடப் பார்க்கும்.

இப்போது வெப்பம். லேண்ட்சாட் 8, 9 என்ற அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் இரண்டும் தரையின் வெப்பத்தை அளக்கிற கருவியோடு சுற்றுகின்றன, இரண்டையும் சேர்த்தால் 8 நாளுக்கு ஒரு முறை நம் தலைக்கு மேல் வரும். 2008-லிருந்து லேண்ட்சாட் படங்கள் எல்லாருக்கும் இலவசம். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனமான யுஎஸ்ஜிஎஸ்ஸின் எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் ஒரு கணக்கு தொடங்கி, வேலூரைக் குறித்து, கலெக்‌ஷன் 2 லெவல் 2 என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஏப்ரல், மே மாதப் படங்களில் மேகம் 10 சதவீதத்துக்குக் கீழே இருப்பதை எடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் தேடினால் பெரும்பாலும் பஞ்சுமூட்டை மாதிரி மேகம்தான் கிடைக்கும். கோப்புகளில் எஸ்டி பி10 (ST_B10) என்று பெயரில் வருவதுதான் தரை வெப்பம்.

அதைக் கியூஜிஐஎஸ்ஸில் இழுத்துப் போட்டதும் 45,000, 50,000 என்று எண்கள் தெரியும். படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் கணக்குப் போடும் ராஸ்டர் கால்குலேட்டரைத் திறந்து, அந்த எண்ணை 0.00341802 ஆல் பெருக்கி, 149 கூட்டி, 273.15 கழியுங்கள். செல்சியஸ் வந்துவிடும். நிறம் போடும்போது ஒரு எச்சரிக்கை: மென்பொருள் ஒவ்வொரு படத்துக்கும் அதன் குறைந்த மதிப்பையும் அதிக மதிப்பையும் பார்த்துத் தானாக நிறம் பிரிக்கும். 2014-ம் ஆண்டுப் படத்தையும் இப்போதைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "பாருங்க எவ்வளவு சிவந்துடுச்சு" என்று சொல்வதற்கு முன், இரண்டுக்கும் ஒரே எல்லையை, உதாரணமாக 30 முதல் 55 வரை என்று, கையால் கொடுத்துவிடுங்கள்.

இதைச் செய்து முடித்ததும் பலர் குழம்புகிற இடம் வரும். ஊர் சிவப்பாகவும் சுற்றுப்புறம் பச்சையாகவும் தெரியும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் கோடையில் காலைப் படத்தைப் பார்த்தால் அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் நிலமும் பாலாற்று மணலும் கான்கிரீட் தெருக்களுக்குச் சமமாகவோ அதைவிடச் சூடாகவோ இருப்பது சகஜம். காரணம் எளிது. ஈரமில்லாத வெறும் மண் வெயில் பட்டதும் சட்டென்று ஏறிவிடும், கட்டடங்களோ மெதுவாக ஏறி, ஒன்றுக்கொன்று நிழலும் கொடுக்கும். லேண்ட்சாட் நம்மைக் கடப்பது காலை 10, 10:30 மணி வாக்கில். ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் கால் வைக்க முடியாத சூடு இந்தப் படத்தில் இருக்கவே இருக்காது.

மலை விஷயமும் அப்படித்தான். கோட்டைக்குக் கிழக்கே இருக்கும் மலைகளின் ஊரைப் பார்த்த சரிவு மேற்குச் சரிவு. காலையில் அதன் மேல் வெயில் சாய்வாகத்தான் விழும், பிற்பகலில்தான் நன்றாகக் காயும். எனவே காலைப் படத்தை வைத்து டீக்கடைக்காரர் சொன்னது பொய் என்று தீர்ப்பு எழுதாதீர்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2018-ல் பொருத்திய எகோஸ்ட்ரெஸ் என்ற கருவி வெவ்வேறு நேரங்களில், இரவிலும்கூட, வெப்பத்தை அளக்கிறது. மாலைப் படம் ஒன்று கிடைத்தால் மலை வழக்கை அப்போது விசாரிக்கலாம்.

பச்சை எங்கே இருக்கிறது என்று பார்க்க சென்டினல்-2 என்ற ஐரோப்பியச் செயற்கைக்கோள் நல்லது, 10 மீட்டர் துல்லியம். அதன் படங்களைக் காட்டும் கோப்பர்நிகஸ் பிரௌசர் தளத்தில் என்டிவிஐ என்ற தாவரக் குறியீட்டைப் பதிவிறக்கம் இல்லாமலே காட்டும். நீங்களே கணக்கிட விரும்பினால் 8-வது பேண்டிலிருந்து (அகச்சிவப்பு ஒளியின் படம்) 4-வதை (சிவப்பு ஒளியின் படம்) கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். 2022 ஜனவரி கடைசியிலிருந்து வந்த படங்களில் ஒவ்வொரு பேண்டிலும் முதலில் 1000 கழிக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் பழைய படங்களோடு ஒப்பிடும்போது மரமெல்லாம் குறைந்துபோன மாதிரி தெரியும். பாகாயத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்து மரங்களையும் லாங்கு பஜார் பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வித்தியாசம் பேசும்.

சரி, பகுதிவாரியாக எண் வேண்டுமே? உடனே வார்டு எல்லைக் கோப்பைத் தேடுவோம், அங்கேதான் தலைவலி. இணையத்தில் சுற்றும் கோப்புகள் பல 2011 கணக்கெடுப்பை ஒட்டியவை, மாவட்டக் கோப்பை எடுத்தால் ஆம்பூரும் அரக்கோணமும் இன்னும் வேலூருக்குள்ளேயே இருக்கும், ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனது அந்தக் கோப்புக்குத் தெரியாது. அதற்கும் முன்னால் போனால் 1989 வரை திருவண்ணாமலையும் சேர்ந்த வட ஆற்காடு. ஆகவே எந்த எண்ணை எடுத்தாலும் அது எந்த வருடத்து எல்லைக்கு உரியது என்று பாருங்கள். என் யோசனை, வார்டை விட்டுவிட்டு "கிரியேட் கிரிட்" மூலம் 300 மீட்டர் அறுகோணக் கட்டங்கள் போடுங்கள், அப்புறம் "ஜோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்" ஓட்டினால் ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி வெப்பமும் சராசரி பசுமையும் அட்டவணையாக வந்துவிடும். இதைவிடச் சின்னக் கட்டம் போட்டுப் பயனில்லை. லேண்ட்சாட் வெப்பக் கருவியின் நிஜமான துல்லியம் 100 மீட்டர்தான், படம் 30 மீட்டரில் வந்தாலும் அது இழுத்து நிரப்பியது. கோட்டை அகழித் தண்ணீரின் குளிர்ச்சிகூட பக்கத்துச் சுவரோடும் சாலையோடும் கலந்துதான் தெரியும்.

வெப்பம் அதிகமாகவும் பசுமை குறைவாகவும் வந்த கட்டங்களில் ஆள் நடமாட்டம் உள்ள பத்தைக் குறித்துக்கொண்டு நேரில் போய்ப் பாருங்கள், இதை மட்டும் திரையில் செய்ய முடியாது. சில சிவப்புக் கட்டங்கள் ஏதோ ஒரு கிடங்கின் தகரக் கூரையாக இருக்கும், அங்கே யாரும் நிற்கப் போவதில்லை. சில இடங்களில் வெயிலில் ஐம்பது பேர் பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள், நிழற்குடை இருக்காது. ஆண்ட்ராய்டு போனில் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலி இருந்தால், நிறுத்தத்தில் கூரை இருக்கிறதா, பெஞ்சு இருக்கிறதா என்று அதுவே கேட்கும், நீங்கள் சொல்லும் பதில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏறிவிடும். கூகுள் மேப்பைப் பார்த்து அதில் எதையும் எழுதாதீர்கள், உரிமச் சிக்கல் வரும். கண்ணால் கண்டதை மட்டும் போடுங்கள்.

கடைசியில் படத்தை அச்சுக்கு எடுக்கும்போது தேதி, நேரம், எந்தச் செயற்கைக்கோள் என்பதோடு "இது தரை வெப்பம், காற்றின் வெப்பம் அல்ல" என்று பெரிய எழுத்தில் படத்துக்கு உள்ளேயே எழுதிவிடுங்கள். கீழே குறிப்பாகப் போட்டால் யாராவது வெட்டிவிட்டு அனுப்புவார்கள், சாயங்காலத்துக்குள் "வேலூரில் 52 டிகிரி, மக்கள் பீதி" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உங்களுக்கே வந்து சேரும்.