வக்ர கிரகங்களுக்குப் பலன் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜோதிடம் பழகுபவர்கள் பயிற்சிக்காக எழுதிக் கொண்டுவரும் ஜாதகக் குறிப்புகளைத் திருத்திக் கொடுப்பது சில காலமாக என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. கட்டத்தில் கிரகத்தின் பெயருக்குப் பக்கத்தில், வக்ரம் (பின்னோக்கிய நகர்வு) என்பதைக் குறிக்க ‘வ’ என்று அச்சாகியிருக்கும் இடத்தில்தான் அவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். அங்கே அவர்கள் செய்யும் தவறுகளில் பல, பழகிய காலத்தில் நானும் எழுதிப் பார்த்தவைதான் என்பதால், எந்த எண்ணத்திலிருந்து முளைக்கின்றன என்பது எளிதில் தெரிந்துவிடுகிறது. சூரியனுக்கும் சந்திரனுக்கும் வக்ரம் கிடையாது, பூமியிலிருந்து பார்ப்பதால்தான் கிரகம் பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றுகிறது என்பன போன்ற பாலபாடங்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

உச்சத்தில் வக்ரம் என்றால் நீசம் என்று தீர்ப்பு எழுதுவது

இந்த ஒன்றை மட்டும் இன்றுவரை பொறுமையோடு கடக்க முடியவில்லை. உச்சன் (மிகுந்த வலிமை தரும் ராசியில் நிற்கும் கிரகம்) வக்ரம் பெற்றால் நீச பலன், நீசன் (வலிமை குன்றும் ராசியில் நிற்கும் கிரகம்) வக்ரம் பெற்றால் உச்ச பலன் என்பது மாணவர்கள் முதலில் மனப்பாடம் செய்யும் விதிகளில் ஒன்று. உத்தர காலாமிருதத்தில் இதற்கு ஆதாரம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே நூல், வக்ரம் பெற்ற கிரகத்துக்குப் பொதுவாக உச்சத்துக்கு நிகரான பலம் உண்டு என்றும் சொல்கிறது. சாராவளியோ வக்ர கிரகங்களைப் பெருவலிமை உடையவை என்று கூறிவிட்டு, சுபர் (நற்கிரகங்கள்) வக்ரமானால் அரசாளும் யோகம் என்றும், பாபர் (தீய கிரகங்கள்) வக்ரமானால் துன்பமும் வீண் அலைச்சலும் என்றும் பிரிக்கிறது. கிரகத்தின் ஆறு வகை வலிமையை அளக்கும் ஷட்பலக் கணக்கில் உச்ச பலம் தனி, நகர்வால் வரும் சேஷ்டா பலம் தனி. இரண்டும் கூட்டப்படுகின்றனவே தவிர, ஒன்றை வைத்து மற்றொன்றைக் கழிக்கும் வழக்கம் அங்கே இல்லை. இத்தனையையும் ஒதுக்கிவிட்டு, கேட்பவர் முகம் வாடும்படி ஒரே வரியில் ‘நீசம்’ என்று முடிப்பதற்கு அந்த ஒரு விதி போதுமா என்பதுதான் என் கேள்வி.

கன்னி லக்னத்தில், 2003 தை மாதக் கடைசியில் பிறந்த ஒரு பெண்ணின் ஜாதகத்தை அவருடைய தாயார் கொண்டுவந்தார். கடகத்தில் இருந்த குருவைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்திலேயே ‘7ஆம் அதிபதி நீசம், மண வாழ்வு நிலைக்காது’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். ஏறக்குறைய முடிவாகியிருந்த வரன் அந்த ஒரு வரியால் கைவிட்டுப் போயிருந்தது. பரிகாரத்துக்காகக் குரு தலங்களான ஆலங்குடிக்கும் திட்டைக்கும் போய்வந்த பிறகும் அந்த அம்மாவின் பயம் தெளியவில்லை. கன்னி லக்னத்துக்குக் குரு பாதகாதிபதி (தடை தரும் வீட்டின் அதிபதி), கேந்திராதிபத்திய தோஷமும் (சுபர் கேந்திர வீடுகளுக்கு அதிபதியாவதால் வரும் குறை) உண்டு, ரிஷபத்தின் கடைசிப் பாகைகளில் இருந்த சனியின் மூன்றாம் பார்வையும் அவர் மேல் விழுகிறது என்றெல்லாம் அந்த ஜோதிடர் வாதம் செய்திருந்தால் உட்கார்ந்து கேட்டிருப்பேன். அவற்றில் ஒன்றுகூட அந்தத் தாளில் இல்லை. பதினோராம் இடத்தில் உச்சமாக நின்ற குரு, ஒன்பதாம் பார்வையாகத் தன் சொந்த வீடான மீனத்தை, அதாவது அந்தப் பெண்ணின் ஏழாம் இடத்தையே பார்க்கிறார் என்பதும் இல்லை. ‘வ’ என்ற எழுத்தைக் கண்டதும் பேனா ஓடியிருக்கிறது.

அந்தச் சமயத்தில் வானம் எப்படி இருந்தது என்று பார்த்தால் இந்தத் தீர்ப்பின் அபத்தம் விளங்கும். 2002 டிசம்பர் தொடக்கம் முதல் 2003 ஏப்ரல் தொடக்கம் வரை குரு கடகத்திலேயே வக்ரமாக இருந்தார். தை மாதத்தில் சூரியன் மகரத்தில் இருக்க, நேர் எதிரே கடகத்தில் இருந்த குரு சூரியன் மறையும் வேளையில் கிழக்கே உதித்து, இரவு முழுவதும் வானில் நின்று, பூமிக்கு மிக அருகில், அந்த ஆண்டிலேயே மிகப் பிரகாசமாகத் தெரிந்தார். கணக்கிலும் இதுவே வருகிறது. குருவின் பரம உச்சம் கடகத்தில் 5 பாகை. அவர் 20 பாகையில் இருந்தால் உச்ச பலம் 60 சஷ்டியாம்சத்துக்கு 55. சூரியனுக்கு நேர் எதிரே நிற்பதால் சேஷ்டா பலம் ஏறத்தாழ முழு 60. இவ்விரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 115 பெறும் கிரகத்தை நீசன் என்று எழுதுபவர், அந்த ஆண்டு தைப்பூசத்தன்று ஆட்சி பெற்ற சந்திரனோடு குரு கூடி நிற்கப் பிறந்த குழந்தைகளுக்கும் அதையே எழுத வேண்டியிருக்கும்.

இதோடு சுக்கிரனை ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 மார்ச் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை சுக்கிரன் தன் உச்ச ராசியான மீனத்தில் வக்ரமாக இருந்தார். சொல்லளவில் இதுவும் உச்ச வக்ரம்தான். ஆனால் சுக்கிரனின் வக்ரம் சூரியனை நெருங்கிக் கடக்கும்போது நிகழ்வது. மார்ச் மூன்றாம் வாரத்தை ஒட்டி அவர் அஸ்தங்கமாகிக் கண்ணுக்கே தெரியாமல் போனார். இரவு முழுவதும் ஒளிரும் குருவும், சூரியனின் ஒளியில் மறைந்துபோன சுக்கிரனும் ஒரே விதியின் கீழ் ஒரே பலனைத் தருவார்கள் என்று எழுத என் கை வரவில்லை. உச்ச வக்ரம் கண்ட இடத்தில், அந்தக் கிரகம் சூரியனிலிருந்து எத்தனை பாகை விலகியிருக்கிறது, எந்த வீடுகளுக்கு அதிபதி, யாருடைய பார்வையில் இருக்கிறது, அதன் திசை எந்த வயதில் வருகிறது என்பவற்றைப் பார்த்த பிறகே நான் வாய் திறப்பது வழக்கம். பெரும்பாலும் நான் சொல்வது தாமதம், அல்லது எதிர்பாராத வழியில் கைகூடுதல் என்பதுதான். இல்லை என்று நான் சொல்வது மிக அரிது.

சூரியன் இருக்கும் இடத்தைப் பாராமல் ‘வ’ குறியை நம்புவது

செவ்வாய், குரு, சனி ஆகிய மூன்றும் சூரியனுக்கு எதிர்ப்புறத்தில் இருக்கும்போதுதான் வக்ரம் பெறும்; சூரியனிலிருந்து எண்ணினால் 5 முதல் 9 வரையுள்ள ராசிகள் என்பது பழைய கைக்கணக்கு. ஓரங்களில் உள்ள 5, 9ஆம் ராசிகளில் பாகை பார்த்தே முடிவு செய்ய வேண்டும். செவ்வாய்க்கு இந்த எல்லை இன்னும் குறுகியது. ஆகவே குருவும் சூரியனும் ஒரே ராசியில் இருக்க, குருவுக்கு வக்ரம் என்று குறித்திருந்தால், பலன் எழுதும் முன் பிறந்த தேதியைச் சரிபார்க்க வேண்டும். அண்மையில் ஒருவர், சனிக்கு அஸ்தங்க தோஷமும் வக்ர தோஷமும் சேர்ந்து இருப்பதாக ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கொண்டுவந்தார். அஸ்தங்கமும் வக்ரமும் சேர்ந்து வருவது புதனுக்கும் சுக்கிரனுக்கும் மட்டுமே நிகழக்கூடியது. அதனால்தான் அவ்விரண்டுக்கு மட்டும் வக்ரத்தில் அஸ்தங்க அளவு தனியே சொல்லப்பட்டிருக்கிறது: புதனுக்கு 14 பாகைக்குப் பதில் 12, சுக்கிரனுக்கு 10 பாகைக்குப் பதில் 8. சனிக்கு இரண்டையும் எழுதியவரிடம் பிறந்த தேதியை மீண்டும் கேட்டு வரச் சொன்னேன். வக்ரக் குறியை மட்டும், மாதத்தை மாற்றிப் பதிந்த கணினிக் கணக்கிலிருந்து எடுத்திருந்தார்.

பழைய கையெழுத்து ஜாதகங்களில் வக்ரக் குறியே பல நேரம் இருக்காது. அங்கும் இதே கணக்குத்தான் கைகொடுக்கும்.

ராகு, கேதுவுக்கு வக்ர பலன் எழுதுவது

எழுத வேண்டாம், ஏறக்குறைய எல்லோருடைய ஜாதகத்திலும் அவை பின்னோக்கியே செல்கின்றன.

வக்ரத்தை அபூர்வ அமைப்பு என்று நினைப்பது

சனி ஏறக்குறைய 378 நாள் சுற்றில் நாலரை மாதமும், குரு 399 நாள் சுற்றில் நான்கு மாதமும் வக்ரத்தில் இருக்கும். அப்படியானால் மூவரில் ஒருவருக்குச் சனி வக்ரம், பத்துப் பேரில் மூவருக்குக் குரு வக்ரம். தெருவில் மூன்றில் ஒரு வீட்டில் இருக்கும் ஒன்றைப் பூர்வ ஜென்ம சாபம் என்று சொல்வதற்கு முன் சற்று யோசிக்கலாம். உண்மையில் குறைவாகக் காணப்படுவது சுக்கிர வக்ரமும் செவ்வாய் வக்ரமும்: சுக்கிரனுக்கு 584 நாளில் ஏறத்தாழ 42 நாள், செவ்வாய்க்கு 780 நாளில் இரண்டு முதல் இரண்டரை மாதம். இவ்விரண்டைத்தான் நின்று பார்க்க வேண்டும். மாணவர்கள் இவற்றைத் தாண்டிச் சனியிடம் ஓடிவிடுகிறார்கள்.

புதன் வக்ரத்துக்கு அஞ்சி முகூர்த்தத்தைத் தள்ளுவது

ஆண்டுக்கு மூன்று முறை, மும்மூன்று வாரம் வரும். முதலில் திதியையும் நட்சத்திரத்தையும் லக்ன சுத்தியையும் பாருங்கள்.

கோசார வக்ரத்தை ஜாதகத்தின் மேல் ஏற்றுவது

திருக்கணிதப் பஞ்சாங்கப்படி 2025 அக்டோபரில் குரு அதிசாரமாக (வழக்கத்தைவிட வேகமாக நகர்ந்து) கடகத்தில் நுழைந்து, நவம்பரில் வக்ரமாகி, டிசம்பர் தொடக்கத்தில் மிதுனத்துக்கே திரும்பி, 2026 மார்ச்சில் வக்ர நிவர்த்தி பெற்றார். அந்த மாதங்களில் வந்த குறிப்புகளில் பாதியில், பிறக்கும்போது நேர்கதியில் குரு இருந்தவர்களுக்கும் ‘உங்களுக்குக் குரு வக்ரம்’ என்று எழுதப்பட்டிருந்தது. பிறந்த நேரத்து வக்ரம் அந்தக் கிரகத்தின் திசையிலும் புத்தியிலும் பேசும். கோசார வக்ரம், அதாவது இன்றைய வானில் நிகழும் வக்ரம், சில மாதங்களில் கடந்துபோகும். இரண்டையும் ஒரே பத்தியில் எழுதினால் கேட்பவருக்கு எது தற்காலிகம் என்று புரியாது.

பஞ்சாங்கம் கலந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சனி மீனத்துக்குப் பெயர்ந்தது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29. வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026 மார்ச் 6. சனி வக்ரமாக இருந்த 2025 ஜூலை முதல் நவம்பர் வரையிலான மாதங்களில், சிம்ம ராசிக்காரர் ஒருவருக்கு வாக்கியப்படி கண்டகச் சனி (ஏழாம் இடத்துச் சனி) என்று தொடங்கிய ஒரு குறிப்பு, திருக்கணிதத்தைப் பின்பற்றும் கைபேசிச் செயலியில் பார்த்த வக்ர தேதியைச் சேர்த்ததும், அடுத்த பத்தியிலேயே அஷ்டமச் சனி (எட்டாம் இடத்துச் சனி) வக்ரத்தால் தணிந்திருக்கிறது என்று முடிந்திருந்தது. வாக்கியமோ திருக்கணிதமோ, எதைப் பின்பற்றினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ராசியை ஒன்றிலும் வக்ர தேதியை மற்றொன்றிலும் எடுத்த குறிப்புகளை மட்டும் திருத்தாமல் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.